பிறவிக்குணம் என்னும் புரட்டு

(தஞ்சை ஜில்லாவில் ஒரு சிற்றூர் வாசகசாலையின் மாலைக் கூட்டத்தில் நாம் பேசியது.)



கூட்டம் ஐந்தரை மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தது. நாம் ஐந்து மணிக்கே வந்து பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டோம். இதைப் பார்த்த தலைவர் அவர்கள், “தோழர் இன்று நேரத்துக்கு வந்ததையே முதல் தீர்மானமாகப் போட்டு நிறைவேற்றிவிடலாம்” என்று வேடிக்கையாகச் சொன்னார். நீங்களும் சிரித்தீர்கள். சிரிக்கவேண்டிய சங்கதிதான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நமக்கு நாற்பது வருட அவமானம் இருக்கிறது. இன்று அதைப்பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

சாதாரணமாக நாம் பேசிவரும் சாஸ்திரம், சோதிடம், சடங்கு ஆகியவைகளைப்பற்றி இன்று அதிகம் இல்லை. நம்மைப்பற்றியே பேச வேண்டியிருக்கிறது. தன்னைப்பற்றிப் பேசிக்கொள்ளுவது ஒரு பிரசாரகனுக்கு அழகல்ல என்பது நமக்குத் தெரியும். என்றாலும், ஊராருடைய மூடநம்பிக்கைகளை எல்லாம் இருபது வருடமாக மேடை போட்டு எடுத்துக்காட்டி வந்த நாம், நமது தலைக்குள்ளேயே ஒரு மூடநம்பிக்கையை வைத்துப் பூசை செய்துவந்ததை மறைத்துக்கொண்டிருந்தால் அது யோக்கியமாகாது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சுயமரியாதைத் திருமணம். மாப்பிள்ளை தறி நெய்கிறவர். பெண் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பார்க்கிறவர். புரோகிதர் வேண்டாம், நல்ல நேரம் பார்க்கவேண்டாம் என்பதற்காக அவ்விருவரும் தங்கள் வீடுகளில் ஆறு மாத காலம் சண்டை போட்டு, அழுது, பட்டினி கிடந்து சம்மதம் வாங்கியிருந்தார்கள். நாம் தலைமை வகித்து நடத்திவைப்பது என்று ஏற்பாடு. தேதியை ஒப்புக்கொண்டதும் நாம்தான். அன்று காலை நாம் எங்கே இருந்தோம் தெரியுமா? வீட்டுத் திண்ணையில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, எதையோ தேடப்போய் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தோம். பதினொன்றரை மணிக்கு ஆள் தேடிக்கொண்டு வந்தது. அதற்குள் அங்கே பெண்ணின் தாய்மாமன் சபையில் எழுந்து, “புரோகிதனாயிருந்தால் தட்சணைக்காகவாவது நேரத்துக்கு வந்திருப்பான்” என்று சொல்லிவிட்டார். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியவில்லை. உள்ளூர் உபாத்தியாயர் ஒருவர் எழுந்து நின்று திருமணத்தை நடத்திவைத்தார். நாம் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண் நம்மைப் பார்த்துக் கோபிக்கவில்லை. “சாப்பிட்டுவிட்டுப் போங்கள் ஐயா” என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

இது ஒரு நாள் நடந்த காரியமல்ல. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவர்கள். புத்தி இல்லாமல் நிறுத்தவில்லை. பரீட்சைக்குப் பணம் கட்டவேண்டிய தேதியை மறந்து நிறுத்தினோம். அச்சுக்கூடத்தில் புரூப் திருத்தும் வேலை பார்த்தோம். கட்டுரையின் விஷயத்தில் மனம் போய்விடும், எழுத்துப்பிழை நின்றுவிடும். ஒரு கலியாணப் பத்திரிகையில் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மணமகளின் தகப்பனார் பெயர் அச்சாகி வெளிவந்ததுடன் அந்த வேலை போயிற்று. அரிசி மில்லில் கணக்கெழுதினோம், அதுவும் போயிற்று. மின்சாரக் கட்டணம் கையில் பணம் இருக்கும்போதே கட்டாமல் இரண்டு தடவை வீடு இருட்டாயிற்று. பேசிக்கொண்டிருக்கிறவரை முடிக்கவிடாமல் குறுக்கே விழுந்து பேசி எத்தனையோ நண்பர்களை இழந்திருக்கிறோம். ஒரு இடத்தில் அரைமணி சும்மா உட்கார்ந்திருப்பது என்றால் நமக்குச் சிறைதான்.

இவ்வளவுக்கும் நாம் என்ன காரணம் சொல்லிவந்தோம்? “நமது சுபாவம் அப்படி, பிறவிக்குணம்” என்று சொல்லிவந்தோம். நமது தகப்பனார் “உருப்படாதவன்” என்றார். உபாத்தியாயர் “புத்தி இருக்கிறது, பொறுப்பு இல்லை” என்று எழுதினார். இவைகளை நாம் வேதவாக்காக நம்பினோம். தோழர்களே, ஒரு ஏழைக் குடியானவன் “என் தலைவிதி” என்று சொன்னால், “விதி என்று எவன் சொன்னான்? காரணம் என்னவென்று கேள்” என்று நாம் ஒரு மணி நேரம் பேசுவோம். ஆனால் நம் சங்கதி வந்தபோது விதி என்கின்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குணம் என்கின்ற சொல்லை வைத்துக்கொண்டோம். சாமி பெயரை மாற்றினோமே ஒழிய, கும்பிடுவதை நிறுத்தவில்லை.

நிற்க. இது எப்படி வெளிப்பட்டது என்பதைச் சொல்லவேண்டும்.

நமக்கு ஒரு பெண் குழந்தை. அப்போது அவளுக்குப் பத்து வயது. துள்ளிக் குதிக்கிற பெண்ணல்ல. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண். பாதிக் கணக்குப் போட்டு மீதியை விட்டுவிடுவாள். பென்சில், டப்பா, குடை, ஒற்றைச் செருப்பு என்று வாரம் ஒன்று தொலைப்பாள். பள்ளிக்கூடத்தில் மந்தம் என்றார்கள். நமது மாமியார் கண்ணேறு என்று சொல்லி மந்திரித்துத் தாயத்துக் கட்டவேண்டும் என்றார். நாம் விடுவோமா? “நம் வீட்டில் தாயத்தா?” என்று பெரிய பிரசங்கம் செய்து தடுத்துவிட்டோம். தடுத்தது சரிதான். ஆனால் அதற்குப் பதிலாக நாம் என்ன கொடுத்தோம்? திட்டுக் கொடுத்தோம். தாயத்தாவது அவளை அழவைத்திருக்காது.

பிறகு நமது துணைவியார்தான் ஒரு நாள் நம்மைக் கேட்காமலே குழந்தையை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டார். மூன்று தடவை பார்த்து, பள்ளிக்கூடத்திலிருந்து எழுத்துமூலம் விவரம் வாங்கி, குழந்தைக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் சொன்னார். தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்கிறார்கள். மூன்றாம் தடவைக்கு நாமும் கூடப் போயிருந்தோம். டாக்டர், “குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?” என்று கேட்டார். நமது துணைவியார் ஒன்றும் பேசவில்லை. திரும்பி நம்மைப் பார்த்தார். டாக்டரும் நம்மைப் பார்த்தார். நாம் அப்போது மேஜைமேல் இருந்த அவருடைய பேனாவை எடுத்துக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம்.

நாம் முதலில் போன டாக்டர் பெயர், ஊர் வேண்டாம். “உமக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது, இது பிள்ளைகளுக்கு வருவது, வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கும்” என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நமக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. குணம்தான் என்று முடிந்துபோயிற்றல்லவா? துணைவியார்தான் விடவில்லை. இரண்டாவதாகப் போனது ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியின் மனநலப் பகுதி. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறோம், ஏனென்றால் உங்களில் பலர், “ரத்தத்தில் தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியாது, பேசிப் பார்த்தே வியாதி சொல்லுகிறார்கள் என்றால் அதற்கும் குறி சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாமும் இதையே அந்த டாக்டர் அம்மாளிடம் கேட்டோம்.

அவர் கோபிக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தார் பெரியவர்களுக்காகத் தயாரித்த கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார். முதலில் ஆறு கேள்வி. முழுதும் சேர்த்தால் 18. ஆரம்பித்த வேலையின் கடைசிப் பாகத்தை முடிக்கமுடியாமல் எத்தனை தடவை விட்டுவிடுகிறீர், ஒப்புக்கொண்ட காரியத்தை எத்தனை தடவை மறக்கிறீர், உட்கார்ந்திருக்கும்போது கை கால் ஓயாமல் ஆடுகிறதா, இந்த மாதிரி. “இது வாசற்படிதான், இதை வைத்து வியாதி சொல்லமாட்டோம்” என்றார். பிறகு எழுபத்திரண்டு வயதான நமது தாயாரை அழைத்துவரச் சொன்னார். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தாக வேண்டுமாம். நடுவயதில் புதிதாக வந்த மறதி என்றால் அதற்கு வேறு காரணம் தேடவேண்டுமாம். தாயார் நமது பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களை மூட்டையாக வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து கொட்டினார். வீட்டில் மட்டும் இருந்தால் போதாது, வேலை செய்யும் இடத்திலும் இருந்திருக்கவேண்டும் என்றார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார். தூக்கம் எப்படி, குடி உண்டா, மனச்சோர்வு உண்டா என்றெல்லாம் கேட்டார். கவனக்குறைவில் ஒன்பது, துடிப்பிலும் அவசரத்திலும் ஒன்பது என்று அறிகுறிகள் வகுத்திருக்கிறார்கள். அவைகளில் ஏதாவது ஒரு வகையில் பெரியவர்களுக்கு ஐந்தாவது இருக்கவேண்டும், அவைகளால் வாழ்க்கை கெட்டிருக்கவும்வேண்டும் என்பது 2013ஆம் வருடத்திய அமெரிக்க மனநல வைத்தியர்களின் புத்தகத்தில் உள்ள விதி. கடைசியில் அவர் சொன்னதுதான் நமக்குப் பிடித்தது. “இவ்வளவும் பார்த்து, இல்லை என்று வந்தால் இல்லை என்றுதான் சொல்லுவேன்” என்றார்.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது தோழர்களே. குறிகாரன் என்றைக்காவது உங்கள் தாயாரை அழைத்துவந்து சாட்சி கேட்டதுண்டா? “உனக்குத் தோஷம் ஒன்றும் இல்லை, காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ” என்று ஒரு சோதிடன் சொல்லி நாம் கேட்டதில்லை. ஒற்றைத் தலைவலிக்கும் ரத்தப் பரீட்சை கிடையாது. அதனால் தலைவலியே பொய் என்று சொல்லுகிறவன் யார்?

இந்த வைத்திய சாஸ்திரமும் ஆரம்பத்தில் நம் தகப்பனாரைப் போலத்தான் பேசிற்று என்பதையும் மறைக்கக்கூடாது. அலெக்சாண்டர் கிரைக்டன் என்கின்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1798இலேயே, மனம் ஒன்றில் நிலைக்காமல் அலைகிறவர்களைப்பற்றி எழுதினார். அவர் திட்டவில்லை, வியாதி என்றுதான் எழுதினார். ஆனால் 1902இல் லண்டன் வைத்தியக் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்கின்ற பிரபல குழந்தை வைத்தியர் பேசியபோது, இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் இருப்பது ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று பெயர் வைத்தார். படித்த டாக்டரும் ஒழுக்கம் என்ற சொல்லில்தான் போய் விழுந்தார் பாருங்கள்! 1937இல் அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்பவர், முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்யும் பரிசோதனையால் வரும் தலைவலிக்காகப் பிள்ளைகளுக்குப் பென்செட்ரின் என்ற மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகப் போகவில்லை, பாடம் ஏறிற்று. பிறகு 30 பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் படிப்பில் பெரிய மாறுதல் கண்டு பத்திரிகையில் எழுதினார். பிள்ளைகளே அதைக் கணக்கு மாத்திரை என்று அழைத்தார்களாம். 1944இல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனி ரசாயனி லியாண்ட்ரோ பனிசோன் என்பவர் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தைச் செய்தார். அவருடைய மனைவி ரீட்டா அம்மாள் டென்னிஸ் ஆடப்போவதற்கு முன் அதைச் சாப்பிடுவாராம். அவர் பெயரால்தான் ரிட்டலின் என்று அதற்குப் பெயர் வந்தது. நாம் இன்று சாப்பிடுவது அதே மருந்துதான்.

பெரியவர்கள் சங்கதிக்கு இன்னும் காலம் பிடித்தது. 1968இல்கூட, வாலிப வயது வந்தால் இது தானே குறைந்துவிடும் என்றுதான் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். 1970க்குப் பிறகு யூட்டா மாகாணத்தில் பால் வெண்டர் முதலியவர்கள் பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். 1980இல்தான் வளர்ந்தபின்னும் மீதி நிற்பதுண்டு என்று புத்தகத்தில் இடம் கொடுத்தார்கள். ஆகவே நம்மைத் திருப்பி அனுப்பிய முதல் டாக்டர் பொய் சொல்லவில்லை. பழைய புத்தகத்தைச் சொன்னார். சாஸ்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள பேதம், விஞ்ஞானத்தில் பழைய புத்தகத்தைக் கிழிக்கலாம் என்பதுதான்.

வியாதியின் தன்மையைப்பற்றி ஒரு வார்த்தை. “நீர் மேடையில் இரண்டு மணி நேரம் பேசுகிறீர், விடிய விடியப் படிக்கிறீர், உமக்கா கவனம் இல்லை?” என்று கேட்பார்கள். கவனம் இல்லாமலில்லை, அதற்குக் கடிவாளம் இல்லை. பிடித்துப்போன இடத்தில் மாடு அசையாமல் நின்று மேய்கிறது. உழவேண்டிய இடத்துக்கு இழுத்தால் வரமாட்டேன் என்கிறது. மூளையின் நரம்புகளுக்கிடையில் டோபமின், நார் அட்ரினலின் என்று செய்தி கொண்டுபோகும் ரசாயனங்கள் இருக்கின்றன. நரம்பு அவைகளை வெளியே விட்டபின் திரும்ப உறிஞ்சிக்கொள்ளுகிறது. மெத்தில்பெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. செய்தி இன்னும் சற்று நேரம் நிற்கிறது. வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ஒரு கருவில் பிறந்த இரட்டையரையும் இரு கருவில் பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, மனிதருக்கு மனிதர் இதில் உள்ள வேற்றுமையில் நூற்றுக்கு 74 பங்கு பரம்பரையால் என்று 2019இல் கணக்குச் சொன்னார்கள். நம் பெண்ணுக்கு வந்தது நம்மிடமிருந்து, முன்ஜன்மத்திலிருந்து அல்ல. உடனே ஒரு சாஸ்திரியார், “பார்த்தீரா, பிறவியிலேயே வருகிறது என்று நீரே ஒப்புக்கொள்ளுகிறீர், அதைத்தானே நாங்கள் கர்மம் என்கிறோம்?” என்று வருவார். கிட்டப்பார்வையும்தான் தகப்பனிடமிருந்து வருகிறது. அதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுகிறோமா, அல்லது கர்மம் என்று சுவரில் முட்டிக்கொள்ளுகிறோமா? பிறவிக்குணம் என்பது புரட்டு என்று நாம் சொல்லுவது அது பிறவியில் வருவதில்லை என்பதற்காக அல்ல. குணம் என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், வைத்தியம் தேடமாட்டார்கள், பழி சுமத்துவது மட்டும் நடக்கும் என்பதற்காகத்தான்.

அந்தப் பழியும் எல்லோர்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. மேல்ஜாதிப் பெரிய வீட்டுப் பிள்ளை குடையை மறந்தால், மேதைகளுக்கு உள்ள மறதி என்கிறார்கள். கூலிக்காரன் பிள்ளை மறந்தால், அவன் ஜாதிக்குப் படிப்பு எங்கே வரும் என்கிறார்கள். பெரிய மனிதனுக்கு மறதி இருந்தால் குமாஸ்தா வைத்துக்கொள்ளுகிறான். மில் தொழிலாளிக்கு இருந்தால் இயந்திரத்தில் கை போகிறது. பெண்களுக்கோ கேட்கவேவேண்டாம். அடுப்பில் பாலை மறந்த பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கிற பெயர் என்னவென்று தாய்மார்களுக்குத் தெரியும். பெண் குழந்தைகள் துள்ளாமல் கனாக் கண்டுகொண்டு உட்கார்ந்திருப்பதால் பள்ளிக்கூடத்திலும் வைத்தியசாலையிலும் கண்ணில் படாமலே போகிறார்கள். பல ஸ்திரீகள் தங்கள் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில்தான் தங்கள் சங்கதியே தெரிந்துகொள்ளுகிறார்கள்.

மாத்திரைக்கு வருவோம். ரத்த அழுத்தம், நாடி, இருதயம் எல்லாம் பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்கள். குறைந்த அளவில் தொடங்கி வாரத்துக்கு வாரம் ஏற்றினார்கள். மருந்துக் கடையில் ஒரு நாடகம் நடந்தது. இந்த மருந்து சட்டத்தில் எக்ஸ் அட்டவணையைச் சேர்ந்தது. தனி லைசென்சு உள்ள கடைக்காரர்தான் விற்கலாம். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்கவேண்டும். துர்உபயோகம் ஆகக்கூடிய மருந்தாகையால் அந்தக் கட்டுப்பாடு நியாயந்தான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: மறதிக்காரன் ஒருவன் இரண்டு பிரதிச் சீட்டையும் தொலைக்காமல், ஊர் ஊராக அலைந்து, லைசென்சு உள்ள கடையைக் கண்டுபிடித்து, மாதம் தவறாமல் தேதியில் போய் வாங்கவேண்டுமாம்! அவ்வளவு செய்யமுடிந்தவனுக்கு மருந்து எதற்கு? நாம் ஏறி இறங்கிய ஏழு கடைகளில் இரண்டில் நம்மைக் கஞ்சா வாங்க வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

முதல் நாள் மாத்திரை சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து என்ன ஆயிற்று என்று நண்பர்கள் ஆவலாகக் கேட்கிறார்கள். ஞானோதயம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதினோம். உட்கார்ந்தோம், எழுதினோம், உறையில் போட்டு ஒட்டினோம், தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். அந்தக் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் திருமணப் பெண்தான் எழுதியிருந்தார். தமக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும், பெயர் வைக்க நாம் வரவேண்டுமென்றும். அந்த எட்டு மாதமும் தினம் அந்தக் கடிதம் நமது சட்டைப்பையில், நெஞ்சுக்கு நேராகவே இருந்தது. எழுதக்கூடாதென்று நாம் ஒரு நாளும் நினைக்கவில்லை. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

அன்று சாயங்காலம், வெட்கமில்லாமல் சொல்லுகிறோம், அழுதோம். நமது தகப்பனாரை நினைத்து அழுதோம். அவரும் வாழ்நாளில் ஏழு தொழில் மாற்றினவர். ஒரு இடத்தில் உட்காரமாட்டார். ஊரார் அவரையும் உருப்படாதவர் என்றார்கள். அவர் நம்மைத் திட்டியது தம்மைத் தாமே திட்டிக்கொண்டதுதானோ என்று தோன்றிற்று. அவருக்கு என்ன இருந்தது என்பதை இனி யாரும் பரீட்சித்துச் சொல்லமுடியாது. ஆகவே அதைப்பற்றி நாமும் முடிவு சொல்லப்போவதில்லை.

மருந்தை அமிர்தம் என்று சொல்ல நாம் வரவில்லை. பசி குறைகிறது, மத்தியானச் சாப்பாடு வேப்பங்காயாகிவிடுகிறது. நேரம் தவறிச் சாப்பிட்டால் இரவு தூக்கம் போய்விடுகிறது. நாடி சற்று வேகமாகிறது. சிலருக்கு இது ஒத்துக்கொள்வதே இல்லை. அவர்களுக்கு அட்டமாக்செட்டின் போன்ற வேறு மருந்து கொடுக்கிறார்கள். அது வேலை செய்ய வாரக்கணக்காகும். மருந்து உட்காரவைக்குமே தவிர, எதன்முன் உட்காருவது என்று சொல்லாது. அதற்குப் பழக்கம் வேண்டியிருக்கிறது. சட்டைப்பையில் ஒரே ஒரு நோட்டு. கூட்டத் தேதி வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ளுவதில்லை, அந்த இடத்திலேயே எழுதுகிறோம். கைப்பேசியில் மூன்று மணி அடிக்கிறது. கடைசி மணி அடிக்கும்போது கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் தரையில் வைத்துவிடுவது என்று நமக்கு நாமே சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதில் நாம் இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இருபது வருடமாக நமது நோட்டும் மணியும் யார் தெரியுமா? நமது துணைவியார். எங்கே சாவி, எந்த ஊரில் கூட்டம், யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. நாம் மேடையில் பெண்ணடிமைத்தனத்தை ஒழிப்பதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்; அந்த மேடைக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் சம்பளமில்லாமல் அவர் செய்துகொண்டிருந்தார். வியாதி என்று தெரிந்தபிறகு அவர் ஒரே வார்த்தை சொன்னார்: “காரணம் தெரிந்தது சரி. சாக்கு ஆக்கிக்கொள்ளாதீர்கள்.” அந்த அம்மாள் இதோ, பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்று நேரத்துக்கு வந்தது அவரால் அல்ல என்பதற்கு அவரே சாட்சி.

நம் தோழர்களில் ஒருவர், “பகுத்தறிவுவாதிக்கு மாத்திரை எதற்கு? மனோ உறுதி இருந்தால் போதாதா?” என்று கேட்டார். மனோ உறுதி என்பது என்ன, ஆகாயத்திலிருந்து இறங்குகிற சரக்கா? அதுவும் இந்த மூளை செய்கிற வேலைதானே? உடலைவிட்டுத் தனியாக ஒரு ஆத்மா இல்லை என்று கூட்டத்தில் பேசிவிட்டு, மூளையைவிட்டுத் தனியாக ஒரு மனோ உறுதி உண்டு என்று வீட்டில் நம்பினால் அது எந்தப் பகுத்தறிவு? இன்னொரு தோழர் இதற்கு நேர்மாறு. கைப்பேசியில் அரை நிமிடப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, “எனக்கும் இதுதான், உங்கள் மாத்திரையில் இரண்டு கொடுங்கள்” என்றார். கொடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். மறதி எல்லோருக்கும் உண்டு. ரத்த அழுத்தமும் எல்லோருக்கும் உண்டு. எந்த அளவுக்கு மேல் வியாதி என்று சொல்ல அளந்து பார்க்கிறவர் வேண்டும். பிள்ளை பரீட்சைக்கு ஞாபகசக்தி லேகியம் என்று விற்கிறவர்களைப்பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுவோம். அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும்.

பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது 2009இல் பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. இந்தக் கூடத்தில் இருநூறு பேர் இருக்கிறீர்கள். கணக்குப்படி நாலைந்து பேர் இருக்கவேண்டும். யார் என்று நாம் விரல் நீட்டப்போவதில்லை. 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சர்க்கார் வைத்தியசாலையில் மனநல வைத்தியம் பெறுவது உங்கள் உரிமை, தருமம் அல்ல. ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரியில் அதற்கான பகுதி இருக்கிறது. போக வெட்கமாயிருந்தால் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். 2022இல் சர்க்கார் ஏற்படுத்தியது, தமிழில் பேசுகிறார்கள், காசு இல்லை. போகும்போது உங்கள் தாயாரையோ, தமக்கையையோ, சிறுவயதில் உங்களை அறிந்த யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள். பழைய பள்ளிக்கூடப் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டாக்டர் வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் இரண்டாவது டாக்டரிடம் போங்கள்.

நமது பெண்ணைப்பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. போன மாதம் மறுபடியும் ஒரு குடையைத் தொலைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டு நம் முகத்தைப் பார்த்தாள். நாமும் அன்று நமது மூக்குக்கண்ணாடியைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தோம். இருவரும் சேர்ந்து டெப்போவுக்குப் போனோம். கண்ணாடி கிடைத்தது. குடை கிடைக்கவில்லை.

மணி ஏழாகப்போகிறது. காலையில் சாப்பிட்ட மாத்திரையின் வேலை எப்போதோ தீர்ந்துபோயிற்று. இனிமேல் பேசினால் நாம் எங்கே போய் நிற்போம் என்பது உங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கேள்வி கேட்க விரும்புகிற தோழர்கள் சீட்டில் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுங்கள், நம்மிடம் கொடுக்கவேண்டாம்.